புராஸ்டேட் புற்றுநோய்: ரோபோ அறுவைக்கு எத்தனை பில் வரும்?

வாசகர் கேள்வி – பதில்

பணத்தைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கென்று சேர்த்து வைத்தோம். எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதை உங்கள் யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப் பாதை, புராஸ்டேட் டாக்டர்) சொல்வார். யார் எவ்வளவு கட்டுவது என்பதை அவர் சொல்ல மாட்டார். அவருடைய ரிசப்ஷனில் இருப்பவருக்கும் பாதிக் கணக்குதான் தெரியும்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 67. பயாப்ஸியில் கிளீசன் (புற்றின் தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண்) 3+4 என்று வந்திருக்கிறது. ரோபோ அறுவை செய்து புராஸ்டேட் சுரப்பியை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். மெடிக்கல் எய்ட் (மாதச் சந்தா கட்டும் மருத்துவச் செலவுத் திட்டம்) புத்தகத்தில் ‘100 சதவீதம்’ என்று போட்டிருக்கிறது. கையிலிருந்து எதுவும் போகாதுதானே?
— வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: போகும், அம்மா. அந்த 100 சதவீதம் டாக்டர் போடும் பில்லில் 100 சதவீதம் அல்ல. மெடிக்கல் எய்ட் தானே வகுத்து வைத்திருக்கும் விலைப்பட்டியலில் 100 சதவீதம். நம் தென்னாப்பிரிக்காவில் தனியார் டாக்டர்களைக் கட்டுப்படுத்தும் கட்டணப் பட்டியல் எதுவும் இல்லை. அதனால் ஒரு சர்ஜன் அந்த விலையைப் போல இரண்டு மடங்கு கேட்கலாம், மூன்று மடங்கும் கேட்கலாம். கணக்குக்காக ஓர் எண் வைத்துக்கொள்வோம். மெடிக்கல் எய்ட் விலை 20,000 ராண்ட். சர்ஜன் 300 சதவீதம் போடுகிறார், அதாவது 60,000. உங்கள் பிளான் 100 சதவீதம்தான் கட்டும் என்றால் மீதி 40,000 உங்கள் தலையில். 200 சதவீதம் கட்டும் பிளான் என்றால் 20,000.

இது ஒரே ஒரு பில். தனியார் மருத்துவமனைகளில் டாக்டர்கள் பெரும்பாலும் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் அல்ல. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பில் அனுப்புவார்கள். ரோபோ அறுவைக்குக் குறைந்தது இவ்வளவை எதிர்பாருங்கள்: மருத்துவமனை, யூராலஜிஸ்ட், அவருக்குத் துணை நிற்கும் டாக்டர், மயக்க மருந்து டாக்டர், எடுத்த சுரப்பியைச் சோதிக்கும் பேத்தாலஜி, அறுவைக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை, சில இடங்களில் பிசியோதெரபிஸ்ட். துணை டாக்டரின் கட்டணம் சர்ஜன் கட்டணத்தில் ஒரு பங்கு. சர்ஜன் ஏறினால் அவரும் ஏறுவார். மயக்க மருந்து டாக்டரைத்தான் யாரும் முன்கூட்டி விசாரிப்பதில்லை. அவர் நேரத்தை வைத்துக் கட்டணம் போடுபவர். ரோபோ அறுவை இரண்டரை முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும் என்பதால் அந்தப் பில்லும் சின்னதாக இராது.

மருத்துவமனைப் பில்லுக்குள் அறுவை தியேட்டர் நிமிடக் கணக்கு, வார்டு நாள் கணக்கு, ஹை கேர் எனும் கூடுதல் கவனிப்பு வார்டில் ஒரு இரவு வைத்தால் அதற்குக் கூடுதல் வாடகை, பயன்படுத்திய பொருள்கள் எல்லாம் இருக்கும். ரோபோவின் செலவு இந்தப் பொருள் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதன் கைகளில் மாட்டும் கத்தரி, இடுக்கி போன்ற கருவிகளுக்கு ஆயுள் உண்டு. குறிப்பிட்ட தடவைக்குமேல் இயந்திரமே அவற்றை ஏற்காது. பழைய மாடல்களில் பல கருவிகளுக்கு அந்த எண்ணிக்கை பத்து. உறை, போர்ட் மூடி போன்றவை ஒரே தடவைக்குத்தான். இயந்திரத்தின் விலையும் வருடாந்தர சர்வீஸும் வேறு. சில மருத்துவமனைகள் இதையெல்லாம் ஒரே ‘ரோபோ கட்டணம்’ ஆக்கி, அட்மிஷனுக்கு முன்பே நோயாளியிடம் கேட்கும். சில மருத்துவமனைகள் மெடிக்கல் எய்டுடன் பேசி வைத்த ஒட்டுமொத்தத் தொகைக்குச் செய்யும். இரண்டாவது வகை உங்கள் பிளானுக்கு எங்கே இருக்கிறது என்று கேட்பதுதான் முதல் வேலை. ஒரே சர்ஜன் இரண்டு மருத்துவமனைகளில் அறுவை செய்கிறார் என்றால், இடத்தை மாற்றுவதாலேயே பெரிய தொகை மிஞ்சலாம்.

அடுத்து, சர்ஜன் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்: நோய்க் குறியீடு (புராஸ்டேட் புற்றுநோய்க்கு சி61), அறுவைக் குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம், துணை டாக்டர் யார், மயக்க மருந்து டாக்டர் யார், அவர்களுடைய பிராக்டிஸ் எண்கள். அதை அப்படியே மெடிக்கல் எய்டுக்கு அனுப்பி, ‘எவ்வளவு கட்டுவீர்கள்’ என்று வரிக்கு வரி எழுத்தில் வாங்குங்கள். போனில் கிடைக்கும் ஆத்தரைசேஷன் (முன் அனுமதி) எண் பணம் கட்டுவதற்கான உத்தரவாதம் அல்ல. அந்தக் கடிதத்தின் கடைசியில் பொடி எழுத்தில் அதையே சொல்லியிருப்பார்கள். அப்பாவின் உயரமும் எடையும் சரியாகப் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கு 35-ஐத் தொட்டால் சர்ஜன் கட்டணத்தோடு 50 சதவீதம் கூட்ட விதி இடம் தருகிறது.

இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா என்று பயப்பட வேண்டாம். சுரப்பிக்குள்ளேயே இருக்கும் 3+4 கட்டிக்கு, இதையெல்லாம் செய்யச் சில வாரம் பொதுவாகக் கிடைக்கும். உங்களுக்கு எத்தனை வாரம் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயாப்ஸி, எம்.ஆர்.ஐ. இரண்டுக்கும் மெடிக்கல் எய்டில் உள்ள என் சேவிங்ஸ் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது சேவிங்ஸ் காலி. அறுவை இன்னும் நடக்கவே இல்லை.
— வாசகர், டொங்காட்

பதில்: திரும்ப வாங்கலாம். பயாப்ஸி செய்த அன்று உங்களுக்குப் புற்றுநோய் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பில்லில் ‘பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் ரத்தச் சோதனை) கூடுதல்’, ‘புராஸ்டேட் வீக்கம்’ போன்ற வேறு குறியீடு போயிருக்கும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்ததும் சேவிங்ஸில் கை வைத்துவிடும்.

சட்டம் வேறு மாதிரி. குணப்படுத்தக்கூடிய புராஸ்டேட் புற்றுநோய், பி.எம்.பி. எனப்படும் கட்டாயக் குறைந்தபட்சப் பலன்களில் அடங்கும். மெடிக்கல் எய்ட் சட்டத்தின் 8-ஆம் விதி, நோயைக் கண்டறியும் செலவையும் சிகிச்சைச் செலவையும் சேர்த்தே சொல்கிறது. பி.எம்.பி. செலவைச் சேவிங்ஸிலிருந்து எடுக்கக் கூடாது என்று 10-ஆம் விதி தனியாகவே சொல்கிறது.

பயாப்ஸி முடிவின் நகலோடு யூராலஜிஸ்ட், ரேடியாலஜி, பேத்தாலஜி மூன்று அலுவலகத்துக்கும் எழுதி, சி61 குறியீட்டோடு பில்லை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்றை விட்டாலும் அந்தப் பணம் போனதுதான். பெரும்பாலும் விட்டுப்போவது பேத்தாலஜி. அவர்களை நாம் நேரில் பார்ப்பதே இல்லை அல்லவா. சிகிச்சை நடந்த மாதத்துக்குப் பின் வரும் நான்காம் மாதக் கடைசி நாளுக்குள் பில் மெடிக்கல் எய்டிடம் போய்ச் சேர வேண்டும். மார்ச்சில் எடுத்த பயாப்ஸி என்றால் ஜூலை 31. அதே வாரத்தில் மெடிக்கல் எய்டின் ஆன்காலஜி (புற்றுநோய்) பிரிவிலும் பதிவு செய்துவிடுங்கள். பதியாதவரை ஒவ்வொரு பி.எஸ்.ஏ. சோதனைக்கும் இதே சண்டையைப் போட வேண்டியிருக்கும்.

கேள்வி: பி.எம்.பி. என்றால் முழுதாகக் கட்ட வேண்டும் என்கிறார்கள். ஆனால் என் மெடிக்கல் எய்ட், ‘திறந்த அறுவைக்குக் கட்டுவோம், ரோபோவுக்குக் கூடுதலை நீங்களே கட்டுங்கள்’ என்கிறது. இது நியாயமா?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: கேட்கப் பிடிக்காது, ஆனால் அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. பி.எம்.பி. உறுதி செய்வது நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையை. அதைச் செய்யும் கருவியை அல்ல. பிரிஸ்பேனில் இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2016-ல் வந்தது. 326 பேர் அதில் சேர்ந்தார்கள். ரோபோவில் ரத்தம் குறைவாகப் போனது, ஆஸ்பத்திரியிலும் குறைந்த நாளே இருந்தார்கள். ஆனால் சிறுநீர் கட்டுப்பாட்டிலும் ஆண்மையிலும் 12 வாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை; இரண்டு வருடக் கணக்கிலும் அப்படியே. மெடிக்கல் எய்டுகள் இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகின்றன. எங்கள் கருத்தையும் சொல்லிவிடுகிறோம்: நூற்றுக்கணக்கில் திறந்த அறுவை செய்த கை, பத்துப் பதினைந்து ரோபோ அறுவை செய்த கையைவிட நல்லது.

நீங்கள் விடாமல் கேட்க வேண்டியது வேறு. திறந்த அறுவைக்கு முழுதாக எவ்வளவு ஆகியிருக்குமோ அதையாவது ரோபோ பில்லுக்காகக் கட்டச் சொல்லுங்கள். இரவுகள் குறைந்ததும் அவர்களுக்கு மிச்சம்தானே. அடுத்து, அவர்கள் குறித்து வைத்திருக்கும் டாக்டர், மருத்துவமனைப் பட்டியலைக் கேளுங்கள். பட்டியலில் உள்ளவரை விட்டு நீங்களாக வேறொருவரிடம் போனால் கூடுதல் கட்டணம் போட அவர்களுக்கு உரிமை உண்டு. பட்டியலில் உள்ளவர் உங்கள் ஊரிலிருந்து எட்டாத தூரத்தில் இருக்கிறார், அல்லது நியாயமான காலத்துக்குள் நேரம் தரவில்லை என்றால் கதை மாறும். அப்போது நீங்கள் வேறிடம் போனது விருப்பத்தால் அல்ல; முழுச் செலவும் அவர்களுடையது. ‘இன்ன தேதிக்கு முன் நேரம் இல்லை’ என்று அந்த அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வாங்கி வைத்துக்கொண்டால் போதும், பாதி வழக்கு முடிந்தது.

எழுதிக் கேட்டும் மசியவில்லை என்றால் மெடிக்கல் எய்டுக்குள்ளேயே முறையீடு, அதற்கும் மேல், மெடிக்கல் எய்டுகளைக் கண்காணிக்கும், சென்சூரியனில் உள்ள மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சில். புகார் போய்ச் சேர்ந்ததும் மெடிக்கல் எய்டுக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு. புகாரில் கோபத்தைக் குறைத்து, விதி எண்ணையும் தேதிகளையும் கூட்டுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஒரே மெடிக்கல் எய்டுக்குள் பிளானை உயர்த்தினால் புதிதாகக் காத்திருப்புக் காலம் கிடையாது. பெரும்பாலும் ஜனவரி 1-லிருந்துதான் மாற்றலாம். விண்ணப்பத்தை வருடக் கடைசியிலேயே கொடுக்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் நோய் தெரிந்து, ஜனவரி வரை பொறுக்கலாம் என்று டாக்டரும் சொன்னால், ரோபோவுக்குக் கட்டும் பிளான் எது என்று பாருங்கள். பன்னிரண்டு மாதக் கூடுதல் சந்தாவையும் கையிலிருந்து போகும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் முடிவு தானே தெரியும்.

கேள்வி: வீட்டுக்காரருக்குப் போன வாரம்தான் தெரிந்தது. இப்போது கேப் கவர் (மெடிக்கல் எய்ட் கட்டாத மீதிக்கான காப்பீடு) எடுத்தால் உதவுமா?
— வாசகி, வெருலம்

பதில்: இந்த நோய்க்கு உதவாது. பொதுக் காத்திருப்பு 3 மாதம், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரை. மறைத்து எடுத்தால் கிளெய்ம் வரும்போது பழைய ரெக்கார்டு கேட்பார்கள், பி.எஸ்.ஏ. தேதி காட்டிக்கொடுத்துவிடும்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பாலிசியில் மூன்று இடத்தைப் படியுங்கள்: டாக்டர் கட்டண இடைவெளிக்கு எத்தனை சதவீதம் வரை, மெடிக்கல் எய்ட் உங்கள் பங்காகப் போடும் கோ-பேமென்டைக் கட்டுமா, ரோபோவுக்கென்று தனி வரம்பு உண்டா. ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கு மொத்த வரம்பும் இருக்கிறது. 2017-ல் 150,000 ராண்டாகத் தொடங்கி ஆண்டுதோறும் ஏறி வருகிறது. ‘இது பி.எம்.பி., மெடிக்கல் எய்ட்தான் கட்ட வேண்டும்’ என்று கேப் நிறுவனம் கையை விரிப்பதும் நடக்கும். அதனால் மெடிக்கல் எய்ட் மறுத்த கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: எனக்கு 64 வயது, மெடிக்கல் எய்ட் எப்போதும் இருந்ததில்லை. இப்போது சேர்ந்துவிடலாமா, அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதா?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சேர விண்ணப்பித்தால் உங்களை மறுக்க முடியாது, உண்மை. ஆனால் முன்பு கவர் இல்லாதவருக்கு 3 மாதப் பொதுக் காத்திருப்பும், இந்த நோய்க்கு 12 மாதக் காத்திருப்பும் போடலாம். அந்தக் காலத்தில் பி.எம்.பி.யும் கிடையாது. மேலும் 35 வயதுக்குப் பின் கவர் இல்லாமல் 25 வருடம் தாண்டியவருக்குச் சந்தாவோடு 75 சதவீதம் வரை அபராதம், அதுவும் ஆயுளுக்கும். 4,000 ராண்ட் சந்தா 7,000 ஆகும். வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்: ஓய்வுக்குப் பிறகும் அதே மெடிக்கல் எய்டில் தொடரச் சட்டம் உரிமை தருகிறது. சந்தாவைச் சுமையாக நினைத்து விட்டுவிட்டு, 90 நாள் கடந்தபின் திரும்பினால் இதே வாசலில்தான் நிற்க வேண்டும்.

அரசுப் பாதை: உங்கள் பகுதிக் கிளினிக்கில் பி.எஸ்.ஏ., அங்கிருந்து கடிதத்தோடு ஆர்.கே.கான் ஆஸ்பத்திரி, தேவைப்பட்டால் அங்கிருந்து கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி ஆஸ்பத்திரி. லுத்துலிக்கு நேராகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் தடவையே அடையாள அட்டை, முகவரிச் சான்று, சம்பளச் சீட்டு அல்லது அரசின் சமூக உதவித்தொகை நிறுவனமான சாசாவின் பென்ஷன் கடிதம் கொண்டுபோங்கள். கட்டணம் வருமானத்தைப் பொறுத்த வகுப்பு முறையில் போடப்படுகிறது. சமூகப் பென்ஷன் வாங்குபவருக்கு இலவசம். சான்று காட்டாதவர் முழுக் கட்டண வகுப்பில் விழுந்துவிடுவார்.

ரோபோவை இங்கே எதிர்பார்க்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் ரோபோ என்றால் 2022-ல் கேப் டவுனின் டைகர்பெர்க், குரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரிகளில் வந்தவற்றைச் சொல்வார்கள். உங்களுக்கு அமைவது திறந்த அறுவையாகவோ ரேடியேஷனாகவோ இருக்கும். இரண்டும் குணப்படுத்தும் சிகிச்சைதான். கஷ்டம் காத்திருப்பில். குவாசுலு-நட்டாலில் புற்றுநோயாளிகள் காத்திருந்த நிலையை 2017-ல் மனித உரிமை ஆணையமே உரிமை மீறல் என்று எழுதியது. ஆகவே தேதி கொடுக்காமல் அனுப்பினால் வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். ரெஃபரல் கடித நகலோடு வாரம் ஒரு தடவை போய்க் கேளுங்கள். காத்திருக்கும் மாதங்களில் ஹார்மோன் ஊசி தேவையா என்றும் கேளுங்கள்.

கேள்வி: அண்ணனுக்குக் கிளீசன் 6 மட்டும். சென்னைக்குக் கூட்டிப்போய் ரோபோவில் செய்தால் இங்கேயைவிடக் குறைவு என்கிறார்கள்.
— வாசகர், லெனேசியா

பதில்: கிளீசன் 6, பி.எஸ்.ஏ. 10-க்குக் கீழ் என்றால் சென்னையும் வேண்டாம், ஜோஹன்னஸ்பர்க்கும் வேண்டாம் என்று சொல்லக்கூடிய டாக்டர் ஒருவரை முதலில் பாருங்கள். பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., இடைவெளி விட்டு மறு பயாப்ஸி என்று கண்காணிப்பில் வைப்பது இந்த வகைக்கு முறையான வழி. பிரிட்டனில் 1,643 பேரை வைத்து நடந்த ஆய்வில், கண்காணிப்பு, அறுவை, ரேடியேஷன் என்று எந்தப் பிரிவில் இருந்தாலும் 15 வருடத்தில் இந்த நோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய 3 சதவீதம்தான். செலவும் இதற்குத்தான் குறைவு.

அறுவைதான் என்று முடிவானால் சென்னைப் ‘பேக்கேஜ்’ எதை விடுகிறது என்று பாருங்கள்: எத்தனை இரவு, நிணநீர் முடிச்சுகளை எடுத்தால் கூடுதலா, பேத்தாலஜி சேர்ந்ததா, ரத்தக் கசிவால் மறுபடி தியேட்டருக்குப் போனால் யார் கணக்கு. சிறுநீர்க் குழாயை எடுக்க 7 முதல் 10 நாள், பிறகும் சில நாள் பார்த்துவிட்டுத்தான் விமானம். ஆக மூன்று வாரத் தங்கல், கூட வரும் ஒருவருக்கும் சாப்பாடு, அறை. மெடிக்கல் விசாவில் போங்கள். டூரிஸ்ட் விசாவில் அறுவை செய்துகொள்ளப் போகாதீர்கள். இங்கே எடுத்த பயாப்ஸியின் கண்ணாடித் துண்டுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கையோடு கொண்டுபோனால் மறு பயாப்ஸி தவிர்க்கலாம். இங்குள்ள மெடிக்கல் எய்ட் அங்கே திட்டமிட்டுச் செய்யும் அறுவைக்குக் கட்டாது. திரும்பி வந்தபின் யார் பார்ப்பார் என்பதையும் போகுமுன் பேசிவிடுங்கள். வேறொருவர் செய்த அறுவையின் தையலைத் தொட எல்லா சர்ஜனும் முன்வர மாட்டார்.

கேள்வி: அறுவைக்குப் பதில் சுரப்பிக்குள் கதிரியக்க விதை வைக்கலாம் என்கிறார்கள். ஒரே நாளில் வீடு. செலவு எப்படி? பேரப்பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள்.
— வாசகர், இசிபிங்கோ

பதில்: வார்டு வாடகை மிஞ்சும், பணம் விதையில் போகும். ஐயோடின்-125 விதைகள், ஒரு சுரப்பிக்குப் பெரும்பாலும் 80-லிருந்து 100 வரை, உங்கள் அளவுக்கென்றே கணக்குப் போட்டு ஆர்டர் செய்யப்படுபவை. அவற்றின் வீரியம் சுமார் 60 நாளில் பாதியாகிவிடும் என்பதால் எடுத்து வைத்து இன்னொருவருக்குப் போடுவது எளிதல்ல. ஆர்டருக்குப் பின் தேதியை மாற்றினால் விதை விலை யார் தலையில் என்று முன்பே கேளுங்கள். சளி, காய்ச்சல், ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்த மறந்தது எல்லாம் தேதி தள்ளிப்போகும் காரணங்கள். சுரப்பி 50–60 மில்லிலிட்டருக்கு மேல் பெரிதாக இருந்தால் முதலில் ஹார்மோன் ஊசியால் சுருக்க வேண்டியிருக்கும். அது தனிச் செலவு.

பேரப்பிள்ளைகளை முதல் இரண்டு மாதம் மடியில் உட்கார வைக்க வேண்டாம், ஒரே அறையில் இருப்பதில் தடையில்லை. கர்ப்பிணிகளிடமிருந்து சற்றுத் தள்ளியே இருங்கள். பேச யாருக்கும் பிடிக்காத ஒன்றும் உண்டு: விதை வைத்த 12 மாதத்துக்குள் எந்தக் காரணத்தாலாவது இறப்பு நேர்ந்தால், தகனத்துக்கு முன் டாக்டரிடமும் இறுதிச்சடங்கு ஏற்பாட்டாளரிடமும் சொல்லியே ஆக வேண்டும். தேவைப்பட்டால் சுரப்பியை எடுத்தபின் தகனம் செய்வார்கள். நம் வீடுகளில் தகனம்தான் வழக்கம் என்பதால், ஆஸ்பத்திரி தரும் அட்டை எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: வீட்டுக்கு வந்தபின் என்ன செலவு? வரியில் ஏதாவது திரும்புமா?
— வாசகி, மெர்பேங்க்

பதில்: ஆஸ்பத்திரி கொடுத்தனுப்பும் மருந்து பெரும்பாலும் ஏழு நாளுக்குத்தான். ரத்தம் உறையாமல் இருக்க ஊசியை நான்கு வாரம் எழுதியிருந்தால் மீதி மூன்று வாரம் உங்கள் பொறுப்பில் வந்துவிடும்; டிஸ்சார்ஜுக்கு முன்பே அதற்குத் தனி ஆத்தரைசேஷன் கேளுங்கள். சிறுநீர் கசிவுக்கான பேட் முதல் வாரங்களில் நாளுக்கு நாலைந்து போகும், பிறகு குறையும். இடுப்புத் தசைப் பயிற்சிக்குப் பிசியோதெரபிஸ்டை அறுவைக்கு முன்பே ஒரு தடவை பார்த்துப் பழகினால் பேட் செலவு சீக்கிரம் இறங்கும். ஆண்மைக்கான மாத்திரையைப் பெரும்பாலான பிளான்கள் கட்டுவதில்லை, ஜெனரிக் கேளுங்கள். குழாய் இருக்கும்போது அது தானாக விழுந்தாலோ அடைத்தாலோ பக்கத்து டாக்டரிடம் போகாமல் அறுவை செய்தவரிடமே போங்கள். உள்ளே போட்ட தையல் கிழிந்தால் மறு அட்மிஷன், மறு பில். ஆறு வாரத்தில் முதல் பி.எஸ்.ஏ.; அந்தப் பில்லிலும் சி61 இருக்கிறதா என்று பாருங்கள்.

வரியில் திரும்பும். வரி ஆண்டின் கடைசி நாளில் 65 வயது நிறைந்திருந்தால், கையிலிருந்து கட்டிய தகுதியுள்ள மருத்துவச் செலவில் 33.3 சதவீதம் வரியிலிருந்து கழியும். 45,000 ராண்ட் கட்டியிருந்தால் சுமார் 15,000. அந்த ஆண்டு அவர் கட்ட வேண்டிய வரிக்கு மேல் கழியாது, பென்ஷனில் பி.ஏ.ஒய்.இ. (மாதாமாதம் பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால் அதிலிருந்து திரும்பி வரும். 65-க்குக் கீழ் என்றால், வரிக்குரிய வருமானத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டும் பகுதிக்கு மட்டும் 25 சதவீதம். கேப் கவர் திருப்பித் தந்த தொகையைக் கழித்துவிட்டு எழுதுங்கள். கடையில் சீட்டில்லாமல் வாங்கிய மருந்து சேராது. வெளிநாட்டில் செய்த சிகிச்சை, இங்கே கிடைப்பதைப் போன்றதே என்றால் சேரும். ரசீதும், பணம் கட்டிய வங்கிச் சான்றும் இரண்டும் வேண்டும். ஐந்து வருடம் வைத்திருங்கள். தெர்மல் தாளில் அச்சிட்ட ரசீது ஒரு வருடத்தில் வெளுத்துவிடும், அன்றன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.